பூட்டிய கேட்டும் வாங்குவோர் விலையும்: வங்கதேச ஆடைத் தொழிலில் பாதுகாப்பு விதிகள்

ஒரு நாட்டில் வகுக்கப்பட்ட தொழிலகப் பாதுகாப்பு விதி வேறொரு நாட்டின் தொழிற்கூடத்தில் நடைமுறைக்கு வரும்போது எழும் உரசலை, வெளிநாட்டு விதிக்கும் உள்ளூர் வழக்கத்துக்கும் இடையிலான மோதல் என்று விவரிப்பது வாடிக்கையாகிவிட்டது. இப்படி விவரிக்கும்போதே தீர்ப்பும் பாதி எழுதப்பட்டுவிடுகிறது: விதி அறிவியலின் பக்கம் நிற்க, வழக்கம் அறியாமையின் பக்கம் தள்ளப்படுகிறது, சொல்பவர் உள்ளூர் முதலாளியாக இருந்தாலோ, விதி அந்நியரின் அதிகாரமாகவும் வழக்கம் ஏழை நாட்டின் இயல்பான நிலையாகவும் மாறிவிடுகிறது. 2013க்குப் பிறகு வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழிலில் நடந்தவை இந்த இரண்டு பார்வைகளையும் உரைத்துப் பார்க்கப் போதுமான சான்றுகளைத் தருகின்றன. அங்கே மோதிக்கொண்ட விதிகள் எவை, வழக்கங்கள் எவை, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எடுத்துப் பார்த்தால், உள்ளூர் வழக்கம் என்று பெயர் வாங்கியவற்றில் பல அந்த ஊரில் பிறந்தவையல்ல என்பதும், அந்நிய விதி என்று தூற்றப்பட்டவற்றில் முக்கியமானவை அந்நாட்டுச் சட்டத்திலேயே பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டிருந்தவை என்பதும் தெரியவரும்.

டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று காலை இடிந்து விழுந்ததில் 1,134 பேர் இறந்தனர். சுமார் 2,500 பேர் காயமடைந்தனர். முந்தைய நாளே தூண்களில் விரிசல் கண்டு, கீழ்த்தளங்களில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டிருந்தன. மேல்தளங்களில் இயங்கிய ஐந்து ஆடைத் தொழிற்கூடங்களின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வருமாறு வற்புறுத்தப்பட்டனர். கட்டடம் விழுந்த அதே நாளில் அமெரிக்கப் பத்திரிகையாளர் மேத்யூ இக்லேசியஸ் ஸ்லேட் இதழில் எழுதிய ஒரு குறிப்பு, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பாதுகாப்பு விதிகள் இருப்பதில் தவறில்லை என்று வாதிட்டது. பணக்கார நாடு ஆபத்தைக் குறைப்பதற்குக் கூடுதலாகச் செலவிட முடியும், ஏழை நாடு அதே பணத்தை வேலைவாய்ப்புக்குத் திருப்புவது அதற்கு நியாயமான தேர்வாக இருக்கலாம் என்பதே அதன் சாரம். இடிபாடுகளிலிருந்து உடல்கள் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளிவந்ததால் அது கடும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. ஆனாலும், வெளிப்படையாகச் சொல்லப்பட்டதோ இல்லையோ, உலக ஆடை வணிகம் அன்றுவரை இயங்கியது அந்த வாதத்தின் மேல்தான் என்பதால், வெறும் இரக்கமின்மை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. வங்கதேசம் உண்மையிலேயே குறைந்த பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்திருந்ததா என்ற கேள்விக்கு விடை தேடியாக வேண்டும்.

முதலில் வழக்கத்தின் வயதைப் பார்க்கலாம். வங்கதேசத்தின் ஏற்றுமதி ஆடைத் தொழிலுக்கு நீண்ட மரபு எதுவும் கிடையாது. மஸ்லின் நெசவின் புகழ் பழையது என்றாலும், சட்டையும் கால்சட்டையும் தைத்து அனுப்பும் தொழில் 1970களின் இறுதியில்தான் தொடங்கியது. தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் தென்கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, 1979இல் சுமார் 130 பேரைப் பூசானுக்குப் பயிற்சிக்கு அனுப்பியதே அதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களில் பலர் பின்னர் சொந்தமாகத் தொழிற்கூடங்களைத் தொடங்கினர். தென்கொரியா போன்ற நாடுகளின் ஆடை ஏற்றுமதிக்கு அளவுவரம்பு விதித்திருந்த பல்லிழை ஒப்பந்தம், வரம்பில்லாத ஏழை நாடுகளுக்கு ஆர்டர்களைத் திருப்பிவிட்டது. தையல் லைன்களை அமைக்கும் முறை, மணிக்கணக்கில் இலக்கு வைக்கும் முறை, மேற்பார்வையாளரின் அதிகாரம் ஆகிய எல்லாமே இந்த வணிகத்தோடு சேர்ந்து வந்திறங்கியவை. ராணா பிளாசா விழுந்தபோது முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளே ஆகியிருந்த ஓர் ஏற்பாட்டைப் பண்பாடு என்று அழைப்பதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

தொழில் வளர்ந்த வேகத்துக்குக் கட்டடங்கள் ஈடுகொடுக்கவில்லை. நெரிசலும் நிலவிலையும் மிகுந்த டாக்காவில் தொழிற்கூடங்கள் பக்கவாட்டில் விரிவதற்கு இடமின்றி மேல்நோக்கி வளர்ந்தன. கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் என்று கட்டப்பட்ட கட்டடங்களில் தளம் தளமாக வாடகைக்கு எடுத்துத் தையல் இயந்திரங்கள் நிறுவப்பட்டன. ஆர்டர் கூடியபோது அனுமதி பெறாமலேயே இன்னொரு தளம் எழுப்பப்பட்டது. மின்வெட்டைச் சமாளிக்க வாங்கிய கனமான ஜெனரேட்டர்களும், அனுப்பக் காத்திருக்கும் அட்டைப்பெட்டிகளும், துணிச் சுருள்களும் மேல்தளங்களில் ஏற்றப்பட்டன. ராணா பிளாசாவில் அன்று காலை மின்சாரம் நின்று மேல்தளத்து ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்துக்குள் கட்டடம் சரிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன், 2005 ஏப்ரலில், அதே சாவர் வட்டாரத்தில் ஸ்பெக்ட்ரம் என்ற ஸ்வெட்டர் தொழிற்கூடம் இடிந்து 64 பேர் இறந்திருந்தனர். எச்சரிக்கை இல்லை என்று எவரும் சொல்ல வழியில்லை.

இந்தக் கட்டடங்களின் மாடிப்படி முகப்பில் இருந்த ஒரு பொருள் தனியே கவனிக்கத்தக்கது. சென்னையின் பழைய வங்கிக் கிளைகளிலும் நகைக்கடைகளிலும் இன்றும் காணக்கூடிய, இரும்புப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து பக்கவாட்டில் சுருங்கி விரியும் கொலாப்சிபிள் கேட்தான் அது. ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுக்கும் தையல் கூடத்துக்கும் நடுவில் இந்தக் கேட் பொருத்தப்பட்டு, வேலை நேரத்தில் பூட்டப்பட்டு, சாவி ஒரு காவலரிடமோ மேலாளரிடமோ இருந்தது. தைத்த துணி திருட்டுப்போகாமல் காப்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். இலக்கை முடிக்காமல் தொழிலாளி வெளியேறுவதைத் தடுப்பது வெளியே சொல்லப்படாத காரணம். இந்தக் கேட்டுக்கு இருவேறு ஆபத்துகள் உண்டு. பூட்டியிருந்தால் ஆள் வெளியே போக முடியாது. பூட்டாமல் திறந்திருந்தாலும் அதன் இடைவெளிகள் வழியாகப் புகை தங்குதடையின்றி மேலேறும். தீ விபத்துகளில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் புகைதான் என்பதால், இரண்டாவது ஆபத்து முதலாவதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஆஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் தொழிற்சாலையில் 2012 நவம்பர் 24 இரவு நடந்தது இந்த ஏற்பாடுகள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டிற்று. துணியும் நூலும் குவிக்கப்பட்டிருந்த தரைத்தளத்தில் தீப்பிடித்தது; கட்டடத்தின் படிக்கட்டுகள் எல்லாம் அந்தத் தரைத்தளத்துக்கே வந்து இறங்கின; வெளிப்புறத்தில் தனிப் படிக்கட்டு இல்லை. அபாய மணி ஒலித்தபோது, அது ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று மேலாளர்கள் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பியதாக உயிர் தப்பியவர்கள் சாட்சியம் அளித்தனர். குறைந்தது 112 பேர் இறந்தனர். தப்பியவர்களில் பலர் சன்னல் கம்பிகளையும் காற்றோட்ட விசிறிகளையும் பெயர்த்துவிட்டு மேல்தளங்களிலிருந்து குதித்தவர்கள். அபாய மணியை நம்பாத வழக்கம் இங்கே தொழிலாளியிடம் இல்லை, அவரை மேற்பார்த்தவரிடம் இருந்தது. சரக்குக் கப்பலேற வேண்டிய தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவோ, விலைத் தள்ளுபடியோ தொழிற்சாலையின் தலையில் விழும் என்ற நிலையில், பத்து நிமிடம் லைனை நிறுத்துவது மேற்பார்வையாளருக்குத் தீயைவிட உடனடி ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது.

பூட்டிய கதவு தெற்காசியாவின் தனிச்சொத்தும் அல்ல. நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் தொழிற்கூடம் எரிந்தபோது இறந்த 146 பேரில் பெரும்பாலோர் இத்தாலிய, யூதக் குடியேறிகளான இளம்பெண்கள். ஒன்பதாவது தளத்தில் அவர்கள் ஓடிச்சென்ற கதவுகளில் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. அங்கும் சொல்லப்பட்ட காரணம் திருட்டைத் தடுப்பது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில், வேறு மொழி பேசும், வேறு மதத்தைச் சார்ந்த, வேறு கண்டத்து முதலாளிகள் அதே பூட்டை அதே காரணத்தைச் சொல்லிப் போட்டிருக்கிறார்கள் என்றால், அந்தப் பூட்டின் வேரைப் பண்பாட்டில் தேடுவது வீண். துண்டுக்கு இவ்வளவு என்ற குறைந்த விலையும் நெருக்கும் தேதியும் சேர்ந்த இடங்களிலெல்லாம் அது தோன்றியிருக்கிறது. நியூயார்க்கில் அந்தப் பூட்டைக் கழற்றியது மனமாற்றம் அல்ல. விபத்துக்குப் பின் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவும், அதன் வழியே மாநிலச் சட்டமன்றம் இயற்றிய தொழிலகச் சட்டங்களும், அவற்றுக்காகப் போராடிய தொழிற்சங்கங்களும்தான்.

வங்கதேசத்தில் சட்டம் இல்லாமலும் இல்லை. வேலை நடக்கும் நேரத்தில் வெளியேறும் கதவுகளை உள்ளிருந்து உடனே எளிதாகத் திறக்க முடியாதபடி பூட்டவோ தாழிடவோ கூடாது என்று அந்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 62ஆம் பிரிவு கூறுகிறது. அதற்கு முன்னிருந்த 1965ஆம் ஆண்டுக் கிழக்குப் பாகிஸ்தான் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து வந்த வாசகம் அது. அச்சட்டமோ பிரிட்டிஷ் இந்தியக் காலத்துத் தொழிற்சாலைச் சட்ட மரபின் தொடர்ச்சி. நாட்டின் தேசியக் கட்டட நெறிமுறை 1993இலேயே எழுதப்பட்டு 2006இல் சட்ட வலுவும் பெற்றிருந்தது. எனவே வங்கதேசம் குறைந்த பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தது என்ற வாதம் முதற்படியிலேயே சறுக்குகிறது. அதன் சட்டமன்றம் எழுதிவைத்த விதி கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறது. அந்த விதியை நிறைவேற்ற வேண்டிய ஆய்வாளர்கள் எண்ணிக்கையிலும் அதிகாரத்திலும் சொற்பமாக இருந்தார்கள். ஆடைத் தொழிலதிபர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருந்த ஒரு நாட்டில் அந்தச் சொற்பம் தற்செயலானது என்று நம்புவது கடினம். தேர்வு செய்தவர்கள் சிலர், அதன் ஆபத்தைச் சுமந்தவர்கள் வேறு சிலர்.

மேலைநாட்டு ஆடை நிறுவனங்கள் இந்தக் காலத்தில் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990களிலிருந்து அவை சமூகத் தணிக்கை என்ற முறையைக் கையாண்டன. வாங்கும் நிறுவனம் தன் நடத்தை நெறிகளைத் தொழிற்சாலை பின்பற்றுகிறதா என்று தனியார் தணிக்கை நிறுவனம் ஒன்றை அனுப்பிச் சரிபார்ப்பது இதன் பொருள். தணிக்கையாளர் ஓரிரு நாள் வந்து, தீயணைப்புக் கருவிகளை எண்ணி, வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அறிக்கை எழுதுவார். அறிக்கை தொழிலாளியின் கைக்கு வராது. பல நேரங்களில் தணிக்கைக் கட்டணத்தைத் தொழிற்சாலையே செலுத்தும். கராச்சியின் பால்தியா நகரில் 2012 செப்டம்பரில் எரிந்து 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்றிருந்தது. ராணா பிளாசாவில் இயங்கிய தொழிற்கூடங்களில் சிலவும் தணிக்கைக்கு உட்பட்டவையே. கட்டட உறுதியைச் சோதிப்பது தம் வேலையில் சேராது என்று தணிக்கை நிறுவனங்கள் பின்னர் விளக்கமளித்தன. விதி இருந்தது, பார்வையிட ஆளும் வந்தார். கண்டதைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவே இல்லை.

அந்தக் கேள்வி முன்வைக்கப்பட்டபோது கிடைத்த பதிலும் பதிவாகியிருக்கிறது. 2011 ஏப்ரலில் டாக்காவில் கூடிய கூட்டம் ஒன்றில், தொழிற்சாலைகளைப் பாதுகாப்பானவையாக மாற்றும் செலவை வாங்குவோரும் ஏற்கும் வகையிலான ஒப்பந்த வரைவு ஒன்றைத் தொழிலாளர் அமைப்புகள் வைத்தன. வால்மார்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் செலவைக் காரணம் காட்டி மறுத்துவிட்டன. 2012இல் அமெரிக்காவின் பி.வி.எச். நிறுவனமும் ஜெர்மனியின் சீபோ நிறுவனமும் மட்டும் கையொப்பமிட்டன. ஒப்பந்தம் நடைமுறைக்கு வர நான்கு நிறுவனங்கள் தேவைப்பட்டதால் அது கிடப்பிலேயே கிடந்தது. ராணா பிளாசா விழுந்து மூன்று வாரங்களுக்குள் அதே கருத்தை விரித்தெழுதிய வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை கையெழுத்தாகி, இறுதியில் 20க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 200க்கும் அதிகமான நிறுவனங்கள் அதில் இணைந்தன. வால்மார்ட், கேப் போன்ற வட அமெரிக்க நிறுவனங்கள் இதில் சேராமல், தொழிற்சங்கங்களுக்குச் சமபங்கு தராத வேறொரு கூட்டணியை 2013 ஜூலையில் அமைத்துக்கொண்டன.

உடன்படிக்கையில் புதியது விதிகளின் உள்ளடக்கம் அல்ல, அவற்றால் கட்டுப்படுவோர் யார் என்பதே. இண்டஸ்ட்ரிஆல், யூ.என்.ஐ. என்ற இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் வாங்கும் நிறுவனங்களும் சமமான இடம் பெற்ற நிர்வாகக் குழுவுக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பிரதிநிதி நடுநிலைத் தலைவராக இருந்தார். ஆய்வு அறிக்கைகள் பொதுவெளியில் வெளியிடப்பட்டன. திருத்த வேலைகளுக்குப் பணம் கிடைக்கும்படி விலை பேசவோ, கடனோ முதலீடோ தரவோ வாங்கும் நிறுவனம் கடமைப்பட்டது. திருத்தத்துக்காகத் தொழிற்சாலை மூடப்பட்டால் ஆறு மாதம்வரை தொழிலாளியின் வேலையும் வருமானமும் காக்கப்பட வேண்டும் என்றும், ஆபத்தான கட்டடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் எழுதப்பட்டது. நிறுவனங்கள் சொல் தவறினால் நடுவர் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கலாம். 2016இல் தொழிற்சங்கங்கள் ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகளைத் தொடுத்தன. அவற்றில் ஒன்று 2018 ஜனவரியில் 23 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. ஆடை வாங்கும் நிறுவனம் ஒன்று, தனக்குச் சொந்தமில்லாத தொழிற்சாலைகளின் பாதுகாப்புக் குறைக்காக இவ்வாறு பணம் கொடுக்க நேர்ந்தது அதுவரை அரிதினும் அரிது.

உண்மையான மோதல் தொடங்கியது ஆய்வாளர்கள் கட்டடங்களுக்குள் நுழைந்த பிறகுதான். அது பண்பாட்டைப் பற்றியதாக இல்லாமல் பெரும்பாலும் கான்கிரீட்டையும் கதவையும் பற்றியதாக இருந்தது. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலமான வங்கதேசத்தில் கருங்கல் கிடைப்பது அரிது. ஆகவே அங்கே செங்கல்லைச் சூளையில் சுட்டு, உடைத்து, அந்தச் செங்கல் ஜல்லியைக் கான்கிரீட்டில் சேர்ப்பது பரவலான கட்டுமான முறை. இது ஏமாற்று வேலையல்ல, மண்ணுக்கேற்ற வழி. ஆனால் கருங்கல் ஜல்லியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கணக்குகளை அப்படியே செங்கல் ஜல்லித் தூணுக்குப் பொருத்த இயலாது. கலவையின் தரமும் இடத்துக்கு இடம் மாறும். எனவே தூண்களில் துளையிட்டு மாதிரி எடுத்து அழுத்திச் சோதிக்கவும், உள்ளிருக்கும் கம்பிகளை மின்காந்தக் கருவியால் தேடிப் பார்க்கவும் வேண்டியிருந்தது. ஏனெனில் பல கட்டடங்களுக்கு வரைபடமே இல்லை, இருந்த வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் தொடர்பில்லை. எந்த அளவு சுமைவரை தூணைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு மேல் உடனே ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்ற எல்லைக்கோட்டை உடன்படிக்கையின் பொறியாளர்களும், வட அமெரிக்கக் கூட்டணியினரும், அரசின் சார்பில் ஆய்வு செய்த வங்கதேசப் பொறியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் கூடிப் பேசி 2013 இறுதியில் பொது அளவுகோலாக வகுத்துக்கொண்டனர். விதியும் வழக்கமும் சந்தித்து இரண்டும் கொஞ்சம் மாறிய இடம் என்று இதைச் சொல்லலாம். இத்தகைய சந்திப்புக்கு அரசியல்வாதிகளைவிடக் கட்டடப் பொறியாளர்கள் தகுதியானவர்களாக இருந்தது வியப்பல்ல.

கதவு விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லாமல் போயிற்று. படிக்கட்டைப் புகையிலிருந்து காப்பதற்கு, குறிப்பிட்ட நேரம்வரை நெருப்பைத் தாங்குவதாகச் சோதனைச்சாலையில் சான்று பெற்ற, தானாகவே மூடிக்கொள்ளும், வெளியேறும் திசையில் தள்ளினால் திறக்கும் கதவு தேவை. உள்ளூர்ப் பட்டறைகளில் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து கொடுக்கும் கதவு பார்வைக்கு அதுபோலவே இருந்தாலும் அதற்குச் சான்று கிடையாது. சான்றுள்ள கதவுகளை இறக்குமதி செய்ய வேண்டியிருந்ததால் சுங்க வரியும், காத்திருப்பும், செலவும் கூடின. அரசு பின்னர் தீப்பாதுகாப்புக் கருவிகளுக்கான வரியைக் குறைத்தது. தீக்கதவும், தானியங்கித் தெளிப்பான்களும், எச்சரிக்கை அமைப்பும் ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலைகள். பூட்டக்கூடிய கேட்டுகளை அகற்றுவதோ வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது. பண்பாட்டில் ஊறிய வழக்கம் என்று கருதப்பட்டது வெல்டிங் கட்டரைக் கொண்டு ஒரு நாளில் கழற்றப்பட்டதும், பண்பாட்டோடு சம்பந்தமே இல்லாத கதவு ஆண்டுகளை விழுங்கியதும், எது உண்மையான தடை என்பதை எந்தச் சொற்பொழிவையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. 2014 அக்டோபருக்குள் ஆய்வு செய்யப்பட்ட 1,100க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் 80,000க்கும் மேற்பட்ட குறைகள் கண்டறியப்பட்டன. பின்னாளில் 1,600க்கும் அதிகமான தொழிற்சாலைகளும் சுமார் 20 லட்சம் தொழிலாளர்களும் இதன் வரம்புக்குள் வந்தனர். முதல் ஐந்தாண்டுகள் முடிந்த 2018இல், தொடக்க ஆய்வில் கண்ட குறைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிசெய்யப்பட்டிருந்தன. தொடர் ஆய்வுகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் உடன்படிக்கை அமைப்பில் வேலைக்குச் சேர்ந்த வங்கதேசப் பொறியாளர்கள் என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

தொழிற்சாலை உரிமையாளர்களின் முறையீடுகளில் ஒன்று முற்றிலும் நியாயமானது. பாதுகாப்புக்கு அதிகம் செலவிடுமாறு சொன்ன அதே நிறுவனங்கள் சரக்குக்கு அதற்கேற்ற விலை தரவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் அன்னர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வங்கதேசத்திலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லும் பருத்திக் கால்சட்டைக்குத் தொழிற்சாலைகள் பெற்ற விலை ராணா பிளாசாவுக்குப் பிறகு 13 விழுக்காடு குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது. இதற்கிடையில் தொழிலாளரின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2013 டிசம்பரில் 3,000 டாகாவிலிருந்து (வங்கதேச நாணயம்) 5,300 ஆகவும், 2018 டிசம்பரில் 8,000 ஆகவும் உயர்ந்தது. அந்த உயர்வும் மிகத் தாமதமாக வந்த ஒன்றே. திருத்தச் செலவுக்கு உதவுவதாக வாங்குவோர் ஏற்ற கடமை, தாளில் உறுதியாகவும் விலைப்பேச்சில் நொய்தாகவும் இருந்தது. கீழே தள்ளப்பட்ட இந்தச் சுமை உரிமையாளரோடு நிற்காமல், அதே ஆட்களைக் கொண்டு மணிக்குக் கூடுதல் உருப்படிகளைத் தைக்கவைக்கும் இலக்காக மாறித் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. சிறிய தொழிற்கூடங்களால் செலவைத் தாங்க முடியவில்லை; 100க்கும் மேற்பட்டவை தகுதி இழந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன; அவற்றில் சில மூடப்பட்டன, சில எவரும் ஆய்வு செய்யாத துணை ஒப்பந்த வேலைக்குள் மறைந்துபோயின.

இறையாண்மை பற்றிய முறையீட்டை அவ்வளவு எளிதில் ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் பதிவு செய்யப்பட்ட ஓர் அமைப்பு டாக்காவில் எந்தத் தொழிற்சாலை இயங்கலாம் என்று முடிவு செய்வதும், அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவில் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கு இடமில்லாததும் அரசுக்கு உறுத்தலாக இருந்ததில் வியப்பில்லை. தகுதி இழந்த தொழிற்சாலை ஒன்று தொடுத்த வழக்கில், 2018 நவம்பருக்குப் பிறகு உடன்படிக்கை அமைப்பு இயங்கக் கூடாது என்று டாக்கா உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. மேல்முறையீட்டின் தொடர்ச்சியாக, ஆடை உற்பத்தியாளர் மற்றும் ஏற்றுமதியாளர் சங்கத்தோடு செய்துகொண்ட புரிந்துணர்வை 2019 மே மாதத்தில் நீதிமன்றம் ஏற்க, உரிமையாளர்களுக்கும் இடமளிக்கும் ஆர்.எஸ்.சி. என்ற உள்நாட்டு மன்றத்திடம் 2020 ஜூன் 1 முதல் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. வாங்கும் நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் பகுதி 2021 செப்டம்பரில் பன்னாட்டு உடன்படிக்கையாகப் புதுப்பிக்கப்பட்டு, பின்னர் பாகிஸ்தானுக்கும் விரிந்தது. இறையாண்மையின் பெயரால் பேசியவர்கள், தம் நாட்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவை அத்தனை ஆண்டுகள் அமலாக்காமல் விட்டதற்கு விளக்கம் தந்திருந்தால் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் மதிப்புக் கிடைத்திருக்கும். அரசு தன் பங்குக்கு 2014 ஜனவரியில் தொழிற்சாலை ஆய்வு இயக்ககத்தைத் துறையாகத் தரம் உயர்த்தியதும், தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி 50 அல்லது அதற்கு மேல் ஆட்கள் உள்ள இடங்களில் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியதும் குறைத்து மதிப்பிடத்தக்கவையல்ல.

இந்த அனுபவத்தின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் அங்கு மேற்பார்வையாளராக இருந்தவரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், வேறு சில தொழிலாளர் அமைப்புகள், தொழிற்சாலை நிர்வாகம், எச் அண்ட் எம் நிறுவனம் ஆகியவை 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் பொருள் தீயோ கட்டடமோ அல்ல, வேலையிடத்தில் பெண்கள்மீதான வன்முறையும் சாதி அடிப்படையிலான பாகுபாடும். எனினும் அதன் எலும்புக்கூடு டாக்காவில் உருவானதே: வாங்கும் நிறுவனம் சட்டப்படி கட்டுப்படுகிறது, தொழிற்சங்கம் கையொப்பதாரராக அமர்கிறது, தொழிற்சாலை சொல் தவறினால் ஆர்டர் பாதிக்கப்படுகிறது. பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 2013இலேயே இயற்றப்பட்டுவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கும் குறையாக இருந்தது விதி அல்ல என்பது புரியும்.

இந்த முறையின் எல்லை எங்கே முடிகிறது என்பதும் மறைவானதல்ல. வாங்குபவரின் பெயரைக் கொண்டு விதியை நடத்தும் ஏற்பாடு, பெயர் உள்ள வாங்குபவர் இல்லாத தொழிலுக்குள் நுழையாது. உள்நாட்டுச் சந்தைக்குத் தயாரிக்கும் பட்டறைகளும், பிளாஸ்டிக், ரசாயனம், உணவுப் பதப்படுத்தும் ஆலைகளும் அதற்கு வெளியே நின்றன. டாக்காவுக்கு அருகே நாராயண்கஞ்ச் மாவட்டத்தின் ரூப்கஞ்சில் ஹாஷெம் ஃபூட்ஸ் என்ற உணவுப் பொருள் தொழிற்சாலை 2021 ஜூலை 8 அன்று தீப்பிடித்து எரிந்ததில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். பெரும்பாலான உடல்கள் கிடைத்த தளத்தின் வெளியேறும் வழி பூட்டப்பட்டிருந்ததாகத் தீயணைப்புத் துறையினர் தெரிவித்தனர். ஆடைத் தொழிற்சாலை அல்ல என்பதால் உடன்படிக்கையின் எந்த ஆய்வாளரும் அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை. 62ஆம் பிரிவு அதற்கும் பொருந்தும்.